பெரியவர்கள் ஸ்கேனில் பழகிய மாடல் குழந்தையின் கட்டியைக் கோட்டை விடுகிறது, என்ன செய்யலாம்?

காரைக்குடி_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். குழந்தைகளுக்கு வரும் மூளைக் கட்டியை எம்.ஆர்.ஐ. படத்தில் எல்லை பிரித்துக் காட்டும் ஒரு ஏ.ஐ. மாடலைப் பழக்குவதுதான் என் புராஜெக்ட். தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் இருந்தான், ஒன்றாம் வகுப்பு, எங்கள் முகப்பில்தான் சைக்கிள் ஓட்டப் பழகினான். போன வருஷம் இதே நோயில் போய்விட்டான். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற இடத்தில் கட்டி, கத்தி வைக்க முடியாத இடம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் இதை மார்க்குக்காக மட்டும் செய்து முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் எல்லா மாணவர்களும் எடுக்கும் அந்த 3064 படத் தொகுப்பை எடுத்தேன், மெனிஞ்சியோமா, கிளையோமா, பிட்யூட்டரி என்று மூன்று வகை மூளைக் கட்டிகள் இருக்கும். படங்களைக் கலைத்துப் போட்டு, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கி ஓட்டினால் 98 சதவீதம் சரியாக வந்தது. ஓடிப்போய் கைடிடம் காட்டினேன். "இதில் எத்தனை பேர் குழந்தைகள்?" என்று கேட்டார். பதில் இல்லை.

அப்புறம் பிராட்ஸ் என்ற மூளைக் கட்டிப் படப் போட்டியின் 2021 தொகுப்பில் எல்லை வரைந்து கொடுத்திருக்கும் 1251 பெரியவர்களின் படங்களை எடுத்து, என்.என்.யூ-நெட் என்ற எல்லை பிரிக்கும் மென்பொருளில் முப்பரிமாணமாகவே பழக்கினேன். கல்லூரி லேபில் இருப்பது ஒரே ஒரு ஜிபியு, இரவெல்லாம் ஓடியது. பெரியவர்கள் படத்தில் நன்றாகவே வருகிறது. அதே மாடலை 2023இல் வந்த குழந்தைகள் தொகுப்பில், அதாவது பிராட்ஸ்-பெட்ஸில் போட்டுப் பார்த்தால் பாதிப் பிள்ளைகளுக்குச் சொதப்புகிறது. பான்ஸ் முழுக்க ஃப்ளேர் என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில் வெள்ளையாக வீங்கிக் கிடக்கிறது, என் கண்ணுக்கே தெரிகிறது, மாடலோ கட்டியின் மையம் என்று எதையுமே காட்டாமல் அந்த இடத்துக்கு வெறும் வீக்கம் என்று சாயம் பூசி வைக்கிறது. சில பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

குழந்தைகள் தொகுப்பில் பழக்கக் கிடைப்பதே 99 பேர்தான். அதை மட்டும் வைத்துப் புதிதாகப் பழக்குவதா, பெரியவர்கள் மாடலின் மேலேயே தொடர்ந்து பழக்குவதா? தப்பு எங்கே இருக்கிறது என்று யாராவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். இரண்டு மாதம் இருக்கிறது.

ஆத்தங்குடிக்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கைடு நல்ல மனிதர், அவரை விட்டுவிடாதீர்கள். நான் பெங்களூரில் பத்து வருஷமாக மருத்துவப் பட மென்பொருளில் இருக்கிறேன், அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இல்லாமல் ஓடிய எத்தனையோ வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 98ஐ மறந்துவிடுங்கள். அந்த 3064 படமும் 233 பேருடைய தலைகள். ஆளுக்குப் பதின்மூன்று ஸ்லைஸ், அதாவது குறுக்குவெட்டுப் படம், வீதம் வருகிறது. படங்களைக் கலைத்துப் பிரித்தால் ஒரே ஆளின் ஏழாவது ஸ்லைஸ் பழக்கத்துக்கும் எட்டாவது ஸ்லைஸ் சோதனைக்கும் போய்விடும். மாடல் கட்டியைப் படிக்கவில்லை, ஆளை அடையாளம் வைத்துக்கொள்கிறது. பிரிப்பது எப்போதும் ஆள் கணக்கில்தான் இருக்க வேண்டும். குழந்தைகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஒரே பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்திருப்பார்கள், எல்லாத் தேதியும் ஒரே பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

இப்போது உங்கள் பான்ஸ் விஷயம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக டைல்ஸ் போடுகிறோம், எனக்கு அதை வைத்துச் சொன்னால்தான் வரும். கண்ணாடியின் மேல் இரும்பு அச்சை வைத்து, அறை அறையாகக் கலர் சிமெண்ட்டை ஊற்றுவோம், அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த கலவையும் அதன் மேல் ஈரக் கலவையும் போட்டு அழுத்துவோம். பூவுக்குச் செய்த அச்சில் எவ்வளவு நல்ல கலரை ஊற்றினாலும் கட்டம் போட்ட டைல்ஸ் வராது. உங்கள் மாடல் 1251 பெரியவர்களிடம் கற்றது ஒரு குறிப்பிட்ட அச்சை. அவர்களில் பெரும்பாலோருக்கு கிளையோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் கட்டி. ஒளிர்வு மருந்தை நரம்பில் ஏற்றி எடுத்த டி1 என்ற வகைப் படத்தில் ஓரம் வளையமாக ஒளிரும், உள்ளே செத்த திசு கறுப்பாக இருக்கும், சுற்றிலும் நீர் கோத்த வீக்கம். மூன்று அறை உள்ள அச்சு அது. பிள்ளைகளுக்குப் பான்ஸில் வரும் பரவிய கட்டியில் பல நேரம் அந்த வளையமே இருக்காது, மருந்து ஏற்றினாலும் கொஞ்சம்தான் ஒளிரும் அல்லது ஒளிரவே ஒளிராது. வளையம் இல்லை என்றதும் உங்கள் மாடலுக்குத் தெரிந்த ஒரே பெயர் வீக்கம். டி2 என்ற இன்னொரு வகைப் படத்திலும் ஃப்ளேரிலும் வெள்ளையாக இருக்கும் அந்த முழு இடமும் பிள்ளைகளில் கட்டியேதான்.

ஆக, பாதித் தப்பு மாடலுடையது இல்லை, பெயர் வைத்ததில் இருக்கிறது. குழந்தைகள் தொகுப்பில் ஒளிரும் பகுதி, ஒளிராத கட்டி, நீர்ப்பை, வீக்கம் என்று வேறு மாதிரிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தொகுப்பிலும் எல்லாப் பெயரையும் அழித்துவிட்டு 'முழுக் கட்டி' என்று ஒரே பெயராக ஆக்கி முதலில் அளந்து பாருங்கள். பாதிப் பிள்ளைகள் அங்கேயே சரியாகிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். மிச்சம் இருக்கும் பிள்ளைகள்தான் உண்மையான வேலை.

99 பேரை வைத்துப் புதிதாகவா, தொடர்ந்தா என்றால், நான் தொடர்ந்து பழக்குவேன். மூளையின் ஓரம், நீர் எப்படித் தெரியும் என்ற அடிப்படையெல்லாம் பெரியவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். ஆனால் புதிதாக ஒன்றும் பழக்கி இரண்டையும் பக்கத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் தொடர்ந்ததால் லாபமா என்று சொல்ல வழியே இருக்காது. 99ஐ ஐந்து பங்காக்கி, நான்கில் பழக்கி ஐந்தாவதில் சோதித்து, மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

இன்னொன்று, டைஸ் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் வரைந்ததும் மருத்துவர் வரைந்ததும் எவ்வளவு பொருந்துகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண் அது, இரண்டும் ஆயிரம் புள்ளி, பொதுவாக 800 என்றால் 0.8. சரி. ஒளிரும் பகுதியே இல்லாத பிள்ளைக்கு மாடலும் ஒன்றும் காட்டாவிட்டால் 1 போடுவது வழக்கம், தவறி ஒரே ஒரு புள்ளியைக் காட்டிவிட்டாலும் 0. பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் நிறைய என்பதால் சராசரி மேலும் கீழும் குதிக்கும். சராசரியை மட்டும் ரிப்போர்ட்டில் போடாதீர்கள். 99 பேருக்கும் ஆளுக்கொரு வரி எழுதுங்கள், எந்தப் பிள்ளை, எங்கே கட்டி, என்ன எண், படத்தில் என்ன தெரிந்தது. எழுத மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளில் கற்பது ஒரு செமஸ்டரில் கிடைக்காது.

ஸ்கேன்_சென்டர்_ராமு எழுதியது:

பாப்பா, நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், மதுரையில் ஆறு வருஷம் இருந்துவிட்டு இப்போது நம் பக்கமே வந்துவிட்டேன். மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்கள் தொகுப்பில் இருக்கும் படமும் எங்கள் மேசையில் தினமும் எடுக்கும் படமும் ஒன்று இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீங்கள் வைத்திருப்பதில் டி1, மருந்து ஏற்றிய டி1, டி2, ஃப்ளேர் நாலும் இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, ஒரு மில்லிமீட்டர் கனசதுரமாக மாற்றி, மண்டை ஓட்டையும் நீக்கிக் கொடுத்திருப்பார்கள். நிஜத்தில் நான்கு வயதுப் பிள்ளை முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்குமா? மயக்கம் கொடுத்துத்தான் எடுப்போம். அதற்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும், பிள்ளை பசியில் அழும், அம்மா வெளியே நின்று அழுவார். மயக்க மருத்துவர் "சீக்கிரம் முடி" என்பார், நாங்கள் அவசியமானதை முதலில் எடுத்துவிட்டு மற்றதைக் குறைப்போம். ஃப்ளேர் சில நேரம் இருக்காது. சில நேரம் மருந்தே ஏற்ற மாட்டோம். ஸ்லைஸ் 5 மில்லிமீட்டர் கனம், நடுவில் இடைவெளி வேறு. அதை நீங்கள் ஒரு மில்லிமீட்டராக இழுத்தால் கட்டியின் ஓரம் படிக்கட்டு மாதிரி வரும்.

சி.டி. ஸ்கேனில் எலும்புக்கு, தண்ணீருக்கு என்று எல்லா மெஷினுக்கும் பொதுவான எண் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் அப்படிக் கிடையாது. 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள மெஷினில் 400 என்று வரும் திசு வேறு மெஷினில் 900 என்று வரும், ஆகவே ஒவ்வொரு தலைக்கும் எண்களைச் சமப்படுத்தாமல் மாடலுக்குக் கொடுக்கவே கூடாது. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

வயதையும் பாருங்கள். கைக்குழந்தையின் மூளையில் நரம்புகளின் மேல் கொழுப்புறை இன்னும் முழுதாகப் படிந்திருக்காது, முதல் ஆறு மாதத்தில் டி1இல் வெள்ளை கறுப்பு பெரியவர்களுக்கு நேர்மாறாகவே தெரியும், இரண்டு வயது வாக்கில்தான் பெரியவர் மூளை மாதிரி ஆகும். மாடல் அதையே நோய் என்று நினைத்துக்கொள்ளும். பெரிய பிள்ளைகளில் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் முன்பக்கம் படமே இழுபட்டுப் போயிருக்கும். சிறுமூளைப் பக்கம் நீர் துடிப்பதால் ஃப்ளேரில் பொய்யான வெள்ளை வரும், அந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டிகள் வருகின்றன.

ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் நல்ல படங்களிலேயே ஃப்ளேரை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், மருந்து ஏற்றிய படத்தை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், ஸ்லைஸைத் தடிப்பாக்கி ஓட்டுங்கள். எது இல்லாவிட்டால் எவ்வளவு கெடுகிறது என்று தெரிந்தால் எங்களுக்கே உபயோகம். "மயக்கம் தெளியப் போகிறது, இன்னும் ஒரே படம்தான் எடுக்கலாம்" என்ற நிலையில் எதை எடுப்பது என்று நான் பல தடவை தவித்திருக்கிறேன்.

பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. என் மகளுக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி, சிறுமூளையில். அப்போது ஐந்து வயது. இப்போது ஒன்பது, பள்ளிக்கூடம் போகிறாள். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் எழுந்ததும் வாந்தி எடுப்பாள், எடுத்துவிட்டால் தெளிந்துவிடுவாள், பிறகு நாளெல்லாம் விளையாடுவாள். வயிறு சரியில்லை என்று ஒரு மாதம் கஷாயம் கொடுத்தோம், அப்பத்தா மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள், ஒரு மருத்துவமனையில் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் பட்டாசாலையில் நடக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் ஸ்கேன். இதைப் படிக்கும் தாய்மார் யாராவது இருந்தால், காலைத் தலைவலியும் வாந்தியும், நடை தள்ளாடுவதும், புதிதாக மாறுகண் விழுவதும் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

சென்னைக்கு விடிகாலைப் பல்லவனில் எத்தனை முறை போயிருப்போம் என்று கணக்கே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் பேசவே இல்லை, சிறுமூளை ஆபரேஷன் ஆன சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும், திரும்பப் பேசுவாள் என்றார்கள், பேசினாள். தலையில் மட்டும் இல்லை, முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், இந்தக் கட்டி மூளை நீர் வழியாகக் கீழே இறங்குமாம். இன்றைக்கும் ஸ்கேன் நாள் நெருங்கினால் நான் தூங்குவதில்லை. ஒரு சென்டரில் ஃபிலிம் மட்டும் கொடுத்தார்கள், படம் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டதற்கு அழித்துவிட்டோம் என்றார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாமல் டாக்டர் சிரமப்பட்டார். வளர்ந்திருக்கிறதா இல்லையா என்ற ஒரே வார்த்தைக்காக நாங்கள் மூன்று வாரம் காத்திருந்தோம்.

தம்பி ராமு, உங்களை மாதிரி ஆட்கள் சி.டி.யைக் கையில் கொடுத்தனுப்புங்கள். தங்கச்சி, என் மகளின் சி.டி.க்கள் மிச்சம் ஏழு இருக்கின்றன. உன் படிப்புக்கு ஆகும் என்றால் தருகிறேன். ஒரே பயம், அதில் அவள் முகம் தெரியுமா? பெயர் வெளியே போகுமா? பெண் பிள்ளை, நாளைக்கு அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது.

ஆத்தங்குடிக்காரன் எழுதியது:

ஆச்சி, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். ஆமாம், தெரியும். எம்.ஆர்.ஐ. முழுத் தலையையும் எடுக்கிறது, தோலையும் சேர்த்து. முப்பரிமாணமாக விரித்தால் மூக்கும் வாயும் அடையாளம் தெரிகிற அளவுக்கு வரும். அதனால் பெயரை அழித்தால் மட்டும் போதாது, முகப் பகுதியையே வெட்டிவிட வேண்டும், அல்லது மண்டை ஓட்டோடு நீக்கிவிட வேண்டும். சி.டி.யில் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் எல்லாம் படத்தோடு ஒட்டியே எழுதியிருக்கும், அதையும் நீக்க வேண்டும். நேராகத் தங்கச்சி கையில் கொடுத்துவிடாதீர்கள், உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறேன். கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்து, உங்கள் கையெழுத்து வாங்கி, பிறகுதான். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தகவலுக்குப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்.இன் 2017 நெறிமுறைப்படி ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையிடம் வாய்மொழியாகச் சம்மதமும் கேட்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது, அவளிடமும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அந்த மூன்று வாரம் காத்திருந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிலிமில் ஸ்கேல் வைத்து அளக்கும்போது ஒரு உருண்டைக் கட்டியின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் கண்ணுக்கு அப்படியே இருப்பது மாதிரிதான் தெரியும். கனஅளவில் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எல்லை பிரிக்கும் மாடல் ஒழுங்காக வேலை செய்தால் ஒவ்வொரு தேதிக்கும் இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லும், டாக்டர் அதைப் பார்த்துச் சீக்கிரம் முடிவுக்கு வரலாம். என் வேலையில் எனக்கு நம்பிக்கை தருவது இந்த இடம்தான். 'கட்டியின் வகையைக் கண்டுபிடிக்கும்' என்று சொல்கிறார்களே, அதில் நான் நிதானமாகவே இருப்பேன். நீர் மூலக்கூறு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளக்கும் டிஃப்யூஷன் படத்தில் மெடுல்லோபிளாஸ்டோமா செல்கள் நெருக்கமாக இருப்பதால் எண் குறைவாக வரும், பைலோசைட்டிக் என்ற மெதுவாக வளரும் கட்டியில் கூடுதலாக வரும், அது டாக்டர்களுக்கு ஏற்கெனவே கைவந்த விஷயம். ஆனால் மெடுல்லோபிளாஸ்டோமாவிலேயே மரபணுவை வைத்து நான்கு பிரிவு, சிகிச்சையும் எதிர்காலமும் அதைப் பொறுத்து மாறும். திசுவைப் பரிசோதிக்காமல் படத்தை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய நான் விடமாட்டேன்.

காரைக்குடி_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாளாக உட்கார்ந்து செய்துவிட்டு வருகிறேன்.

அண்ணன் சொன்னபடி பெயரை எல்லாம் ஒன்றாக்கி முழுக் கட்டி என்று அளந்தேன். பான்ஸ் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மாடல் இடத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது, பெயரைத்தான் மாற்றி வைத்திருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 99 பேருக்கும் ஆளுக்கொரு வரி எழுதி முடித்துவிட்டேன். இன்னும் தவறும் பிள்ளைகளைத் தனியே எடுத்து வைத்தால் பலருக்குப் பெரிய நீர்ப்பை இருக்கிறது, மாடல் அதை மூளைக்குள் இயல்பாக இருக்கும் நீரறை என்று நினைத்து விட்டுவிடுகிறது. பெரியவர்கள் தொகுப்பில் இப்படிப் பெரிய நீர்ப்பை குறைவு என்பதால் இருக்கலாம் என்று நினைக்கிறேன், சரியா அண்ணே? கைடு ஒரு ரேடியாலஜிஸ்டிடம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறார், அந்தப் பிள்ளைகளின் படத்தை மட்டும் எடுத்துப்போகிறேன்.

ராமு அண்ணன் சொன்ன சோதனையில் ஃப்ளேர் இல்லாமலும் மருந்துப் படம் இல்லாமலும் ஓட்டிவிட்டேன். தடித்த ஸ்லைஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி என்று அட்டவணையாகவே இங்கே போடுகிறேன், உங்கள் மேசையில் எது உதவும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆச்சி, உங்கள் மகளின் படத்தை இப்போது கேட்கமாட்டேன். கைடிடம் சொன்னேன், குழுவுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிவிட்டார். ஒப்புதல் படிவம் எங்கள் கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதைத் தமிழில் நான் எழுதுகிறேன், முகத்தை எப்படி நீக்குவோம், யார் யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்று பின்னால் தோன்றினால் எப்படித் திரும்ப வாங்குவது என்பதெல்லாம் சேர்த்து. உங்கள் மகளுக்கென்று தனியாக ஒரு பக்கம், அவள் தானே படிக்கிற மாதிரி. எழுதியதும் உங்களுக்கு அனுப்புகிறேன். எந்த வரி புரியவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கோடு போட்டுத் தாருங்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி எழுதியது:

அனுப்பு ஆத்தா. அவளிடம் சொல்லிவிட்டேன். "என் தலைக்குள்ளே இருக்கிறதை நானும் பார்க்கலாமா?" என்று கேட்கிறாள்.